ஊர் என்றே பெயர் கொண்ட ஊர்

இத்தாலியின் சார்டினியாத் தீவில், போர்தோவெஸ்மே துறையிலிருந்து கப்பல் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பையன்கள், பத்து வயது இருக்கும், ஒரே கைப்பேசிக்கு இழுபறி. ஒருவன் வெடுக்கென்று பிடுங்கினான். மற்றவன் கத்தினான்: "பெலின்!"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அது வட இத்தாலியத் துறைமுக நகரமான ஜெனோவாவின் ஆட்களுடைய சொல். பொருளை இங்கே எழுத முடியாது. அப்படி ஒரு சொல் எங்கள் வீட்டில் காதில் விழுந்திருந்தால் அம்மா மிளகாயை எடுத்து வாயில் தேய்த்திருப்பாள். ஜெனோவாவில் அதைக் கெட்ட வார்த்தை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வியப்பு, எரிச்சல், பாராட்டு, அலுப்பு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அந்த நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான், அதனால் சொல் புதிதில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து அந்தப் பையன்கள் போட்ட சண்டை முழுக்க அதே பேச்சில் நடந்தது. இத்தாலியன் இல்லை. சார்டினியன் இல்லை. ஜெனோவாவின் பழைய பேச்சு.

ஜெனோவாவில் அதை நான் கேட்டதெல்லாம் காப்பிக்கடையில் சீட்டாடும் கிழவர்களிடமும் எங்கள் மாடியில் எதிர்வீட்டுத் தாத்தாவிடமும்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றின் வாயில் ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே, கடல் தாண்டித் தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பொடியன்கள் அதில் கட்டிப்புரள்கிறார்கள். பாட்டுப் பாடியிருந்தால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது என்று விட்டிருப்பேன். சண்டை என்றால் அது வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

மே மாதக் கடைசியில் நாலு நாள் விடுப்பு, ஒரு தீவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியவன். அந்தச் சண்டை இல்லையென்றால் கடலில் குளித்து, மீன் தின்று திரும்பியிருப்பேன்.

ஊரின் பெயர் கார்லோஃபோர்த்தே. சார்டினியாவின் தென்மேற்கு மூலையை ஒட்டி சான் பியெத்ரோ என்று 51 சதுர கிலோமீட்டரில் ஒரு தீவு. அதில் ஊர் என்று சொல்ல இது ஒன்றுதான். ஏறத்தாழ 6,000 பேர். ஆனாலும் தனி நகராட்சி, தனி மேயர். இத்தாலியில் நூறு பேர் இருக்கும் மலைக்கிராமமும் 'கொம்யூனே'தான், லட்சக்கணக்கில் மக்கள் இருக்கும் நகரமும் 'கொம்யூனே'தான். ஊராட்சி, பேரூராட்சி என்று நம்மைப்போலப் படி வைத்துப் பிரிப்பதில்லை.

கார்லோஃபோர்த்தே என்பது அரசாங்கத் தாளில். ஊர்க்காரர்கள் வாயில் அது 'உ பாயிஸெ'. நேரே பொருள் சொன்னால் 'ஊர்'. அவ்வளவுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த ஊர் என்று நாம் குடைவதில்லை அல்லவா? அந்த 'ஊர்'.

கரையில் இறங்கினால் பனைகள் வரிசையாக நிற்கும் கடற்கரைச் சாலை. பின்னால் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள், இடையிடையே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் சந்துகள். ஜெனோவாவில் இந்தச் சந்துக்கு 'கருஜ்ஜு' என்று பெயர். இங்கேயும் அதேதான். மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி காயப்போடுவதும் அதேதான்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு ராஜா சிலை. மூன்றாம் கார்லோ எமானுவேலே, சார்டினியாவை ஆண்ட சவோய் வம்சத்து அரசர். ஊருக்குப் பெயர் கொடுத்தவர். சிலைக்குக் கை உடைந்திருக்கும். பழுது பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மா சிரித்தார். "எங்கள் ஆட்களே உடைத்ததுதான்" என்றார்.

நான் தங்கியிருந்த வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறவர் அவர். எழுபதைத் தாண்டியவர். கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக முப்பது வருடத்துக்கு மேல் ஓடியவர், இப்போது இல்லை. இந்த ஊரில் அது சாதாரணம். மாலுமி வேலைக்குப் படிக்கிற பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது கப்பலில் இருந்திருப்பார். தூத்துக்குடிக்காரனான எனக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கை உடைந்த கதை இது. 1793 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப்படை தீவுக்கு வந்தது. ராஜா சிலையைக் கண்டால் நொறுக்கிவிடுவார்கள். ஊரார் அவசர அவசரமாக மணலில் குழி தோண்டிச் சிலையைப் புதைத்தார்கள். குழி போதவில்லை, கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தீவுக்கு 'சுதந்திரத் தீவு' என்று பெயர் சூட்டினார்கள். பிற்காலத்தில் ஐரோப்பியப் புரட்சிக்காரர்களிடையே பெரும்பெயராகப்போகிற ஃபிலிப்போ புவோனரோத்தி வந்து அதற்கு அரசியல் சட்டம்கூட எழுதினார். மே மாதம் ஸ்பானியக் கப்பற்படை வந்தது. சுதந்திரம் கிளம்பிப் போயிற்று. சிலை வெளியே வந்தது, கை வரவில்லை.

ராஜாவிடம் அவ்வளவு விசுவாசமா என்று கேட்டேன். "விசுவாசம் இல்லை, நன்றி" என்றார். வித்தியாசம் எனக்கு உடனே பிடிபடவில்லை.

இந்த ஊருக்கு முன் இவர்களுக்கு வேறோர் ஊர் இருந்தது. அதற்கும் முன் இன்னொன்று. முதல் ஊர் ஜெனோவாவை ஒட்டிய பெல்யி, இன்று ஜெனோவா நகரத்துக்குள் ஒரு பேட்டை. 1540களில் லொமெல்லீனி என்ற ஜெனோவா வணிகக் குடும்பத்துக்கு, துனீசியக் கரையோரம் தபார்கா என்ற சின்னஞ்சிறு தீவில் பவளம் எடுக்கும் உரிமை கிடைத்தது. பிடிபட்ட கடற்கொள்ளைத் தலைவன் திராகுத்தை விடுவித்ததற்கு ஈடாகத்தான் அந்த உரிமை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, பெல்யியிலிருந்து மீனவக் குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. இருநூறு வருடம் இருந்தன. சுற்றிலும் அரபு பேச்சு, வீட்டுக்குள் ஜெனோவாப் பேச்சு.

பவளம் என்றதும் நம் பக்கம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகவேண்டும். மத்தியதரைக்கடல் பவளத்துக்கு மிகப் பழைய வாடிக்கைக்காரர்கள் நாம். ரோமப் பெண்கள் இந்திய முத்தை எப்படி மதிக்கிறார்களோ அப்படி இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். முசிறியில் இறங்கிய சரக்குப் பட்டியலில் பவளம் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டனில் இருந்த யூத வணிகர்கள் மெட்ராஸுக்குப் பவளம் அனுப்பி வைரம் வாங்கிக்கொண்டு போனார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இன்னும் இருக்கிறது, அந்த வியாபாரத்தின் மிச்சம். தபார்காவில் எடுத்த பவளம்தான் நம் பாட்டிகளின் கழுத்தில் கிடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கடலின் பவளத்துக்கு விலை ஏற்றிவிட்ட கழுத்துகளில் நம்முடையவையும் உண்டு என்கிறேன்.

பவளம் குறைந்தது, பிள்ளைகள் பெருகினார்கள், துனிஸ் ஆட்சியாளரின் (அவருக்குப் பட்டம் 'பே') கெடுபிடியும் ஏறியது. சவோய் அரசருக்கோ வெறுமனே கிடந்த ஒரு தீவில் ஆள் குடியேற வேண்டும். அகோஸ்தீனோ தல்யாஃபிக்கோ என்பவர் முன்னின்று பேசி முடித்தார். 1738இல் தபார்காக்காரர்களில் ஒரு பகுதியினர் சான் பியெத்ரோவில் இறங்கினார்கள். மூன்றே வருடம். 1741இல் துனிஸ் பே தபார்காவைப் பிடித்து, அங்கே மிச்சமிருந்தவர்களை அடிமைகளாக இழுத்துப்போனார். அதில் கொஞ்சம் பேரை மீட்கப் பணம் கொடுத்தவர் இந்தக் கையொடிந்த அரசர். 'நன்றி' என்று வீட்டுக்காரம்மா சொன்னது இதை.

மற்றவர்கள் இன்னும் அலைந்தார்கள். சிலர் அல்ஜீரியர்களின் கைக்குப் போய், ஸ்பெயின் அரசர் மீட்டு, அலிகாந்தே நகருக்கு எதிரே ஒரு சின்னத் தீவில் குடிவைத்தார். அதற்குப் பெயர் நுவேவா தபார்கா, புதிய தபார்கா. இன்னும் சிலர் 1770இல் சார்டினியாவை ஒட்டிய பக்கத்துத் தீவில் கலசேத்தா என்ற ஊரை உண்டாக்கினார்கள். ஸ்பெயினுக்குப் போனவர்கள் காலப்போக்கில் ஸ்பானியர்களாகவே ஆகிவிட்டார்கள், பேச்சு போய்விட்டது. கார்லோஃபோர்த்தேயிலும் கலசேத்தாவிலும் மட்டும் நின்றது. அதற்கு 'தபர்க்கீனோ' என்று பெயர். பேசும் மொழி ஜெனோவாவுடையது, மொழியின் பெயர் துனீசியாவுடையது, பேசும் இடம் சார்டினியா.

இரண்டாம் நாள் இரவு வீட்டுக்காரம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பெரிய தட்டு நிறைய 'கஸ்கா'. கோதுமை ரவையை நீர் தெளித்து விரலால் அளைந்து, துளையிட்ட சட்டியில் ஆவியில் வேகவைத்தது. புட்டு மாவு பிசைகிற கைக்கு அந்த வேலை அரை நிமிடத்தில் வந்துவிடும். மேலே முட்டைக்கோஸ், கொண்டைக்கடலை, மேலும் ஏதோ காய்கள். வடஆப்பிரிக்காவின் குஸ்குஸ்தான் இது. தபார்காவில் இருநூறு வருடம் இருந்ததன் பாக்கி. பக்கத்தில் 'ஃபைனே', கடலைமாவைக் கரைத்து ஊற்றித் தணலில் சுட்ட அடை. அது ஜெனோவாவின் பாக்கி. ஒரே தட்டில் கைவைத்தால் வலப்பக்கம் துனிஸ், இடப்பக்கம் ஜெனோவா.

"இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்தான் எங்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களும்" என்றார் அவர், ரவையை எனக்குப் பரிமாறிக்கொண்டே.

1798 செப்டம்பர் 2ஆம் தேதி கழிந்து 3 விடியும் முன், துனிஸ் கொள்ளைக்கப்பல்கள் தீவுக்கு வந்தன. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 900 பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லாம் சேர்த்து. இந்தச் சின்ன ஊரில் 900 பேர் என்றால் தெருத்தெருவாகக் காலி. ஐந்து வருடம் துனிஸில் அடிமை வாழ்வு. ஐரோப்பா நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், யாருக்கும் இவர்கள் அவசரமில்லை. மீட்புப் பணமும் கைதி மாற்றமும் பேசி முடித்து அவர்கள் திரும்பியது 1803இல்.

அந்த அடிமைகளில் ஒருவர் நிக்கோலா மொரேத்தோ. 1800 நவம்பர் 15ஆம் தேதி அவர் துனீசியாவில் ஒரு மரத்தடியில் கரிய மரச்சிலை ஒன்றைக் கண்டெடுத்தார். கப்பல் முகப்பில் பதிக்கிற பெண் உருவம் அது என்று சொல்வார்கள். அடிமைகள் அதை மாதாவாகக் கும்பிட்டார்கள், விடுதலையானதும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது ஊருக்குள் ஒரு சந்தில், வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய சின்னக் கோவிலில் இருக்கிறாள். 'அடிமையின் மாதா' என்று பெயர். வருடாவருடம் நவம்பர் 15 திருவிழா. நான் போனபோது கோவில் பூட்டியிருந்தது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்ததில் ஒரு மெழுகுவர்த்தி விளக்கு மட்டும் தெரிந்தது, அதுவும் மின்சார விளக்கு.

எல்லோரும் திரும்பி வரவில்லை. ஃபிரான்செஸ்கா ரோஸ்ஸோ என்ற சிறுமி தாயோடும் சகோதரியோடும் பிடிபட்டவள். துனிஸ் அரண்மனையில் வளர்ந்தாள், பே குடும்பத்திலேயே மணமாயிற்று. அவள் பெற்ற மகன் அகமது பே, 1837 முதல் 1855 வரை துனிஸை ஆண்டவர். 1846 ஜனவரியில் தன் நாட்டில் அடிமை முறையை ஒழித்தவர் அவர்தான். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அது ஒழிந்ததற்கு இரண்டு வருடம் முன்பு, அமெரிக்காவில் ஒழிந்ததற்கு 19 வருடம் முன்பு.

அம்மா பட்ட பாடுதான் மகனை அப்படிச் செய்யவைத்தது என்று எழுதிவிடக் கை அரிக்கிறது. பிரிட்டிஷ் தூதர் கொடுத்த நெருக்குதல் இருந்தது, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தன் நாட்டைக் காத்துக்கொள்ளும் கணக்கு இருந்தது. அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுத் தாய்ப்பாசத்தில் முடித்தால் நல்ல சினிமா ஆகும். ஆனாலும் அந்த ஆணையில் கையெழுத்திட்டவரின் அம்மா இந்தச் சந்துகளில் ஓடி விளையாடிய பிள்ளை என்பது பொய்யில்லை. அவருக்கு அம்மா என்ன மொழியில் தாலாட்டுப் பாடினாள்? அன்று இரவு அதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அடுத்த நூறு வருடத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கரையில் ஈயமும் துத்தநாகமும் வெட்டினார்கள். அந்தக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இடமில்லை. கனிமத்தைப் பாய்மரப் படகில் ஏற்றிக் கார்லோஃபோர்த்தேக்குக் கொண்டுவந்து, கூடையில் சுமந்து இறக்கிக் கிடங்கில் கொட்டி, மறுபடி கப்பலில் ஏற்றவேண்டும். இந்தச் சுமைகாரர்களுக்கு 'கலான்சியேரி' என்று பெயர். வட இத்தாலியின் பியெமோந்தேயிலிருந்து வந்த ஜுசெப்பே கவல்லேரா என்ற சோஷலிஸ்ட் மருத்துவர் படகுத் தொழிலாளிகளைச் சங்கம் சேர்த்தார். பிறகு 1913இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். தொழிலாளர்கள் கட்டிய மன்றம் இன்று அவர் பெயரில் தியேட்டராக நிற்கிறது. ஊரார் அதை 'உ பலாஸ்ஸியு', மாளிகை, என்கிறார்கள். 1924இல் எதிர்க்கரையில் போர்தோ ஃபிளாவியா வந்தது. செங்குத்தான மலையைக் குடைந்து, கனிமத்தைக் குகைக்குள்ளிருந்து நேராகக் கப்பலில் கொட்டும் ஏற்பாடு. கட்டிய பொறியாளர் தன் மகள் பெயரை அதற்கு வைத்தார். கூடைக்காரர்களின் பிழைப்பு அதோடு முடிந்தது.

நான் நின்று பார்த்தது வேறோர் இடம். ஊருக்குத் தெற்கே, கடலோரம், சான் விட்டோரியோ கோபுரம். கொள்ளையர் வருகிறார்களா என்று கண்காணிக்கக் கட்டியது. 1899இல் அதன் வேலை மாறியது.

பூமியின் அச்சு கொஞ்சம் ஆடுகிறது என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. சேத் சாண்ட்லர் என்ற அமெரிக்கர் 1891இல் கணக்கிட்டுச் சொன்னார். துருவம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒருமுறை சில மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் சுற்றி வருகிறது. துருவம் நகர்ந்தால் ஒவ்வோர் ஊரின் அட்சரேகையும் இம்மியளவு மாறும். அதை அளக்க ஒரே அட்சரேகையில் ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 39 பாகை 8 நிமிடம் வடக்கு. ஜப்பானில் மிஸுசாவா, மத்திய ஆசியாவில் சார்ஜுய், அமெரிக்காவில் கெய்தர்ஸ்பர்க், சின்சினாட்டி, யுகையா. ஆறாவது கார்லோஃபோர்த்தே.

ஒரே அட்சரேகை ஏன்? தலைக்கு நேர்மேலே வடக்கில் ஒரு விண்மீன், தெற்கில் ஒரு விண்மீன், இப்படி ஒரு ஜோடி. இரண்டும் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதன் வித்தியாசத்தை எடுத்து, விண்மீன் பட்டியலில் உள்ள அவற்றின் இடத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் நிற்கும் இடத்தின் அட்சரேகை கிடைக்கும். அந்தப் பட்டியலில் பிழை இருந்தால்? ஆறு ஊரும் ஒரே கோட்டில் இருப்பதால் எல்லோரும் பார்ப்பது அதே ஜோடிகளை. பிழை எல்லோருக்கும் ஒன்றுபோல விழும், கழித்துவிடலாம். இவ்வளவு எளிமையான சாமர்த்தியம். மேகமில்லாத ஒவ்வோர் இரவும் யாராவது ஒருவர் அந்தக் குளிர்ந்த அறையில் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, விண்மீன் குறுக்குக்கம்பியைக் கடக்கும்வரை காத்திருந்து, திருகாணியைத் திருப்பி, எண்ணைக் குறித்துக்கொண்டார். அப்படிப் பல பத்தாண்டுகள். அந்தக் கோபுரம் இப்போது அருங்காட்சியகம்.

தலைமுறை தலைமுறையாக அலைந்து வந்து ஒதுங்கிய ஊர் இது. பூமியே இடம் மாறுகிறதா என்று பார்க்க இங்கேதான் கருவி வைத்தார்கள். அந்தக் கோபுரத்தடியில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மே, ஜூன் என்றால் ஊரில் பேச்சு சூரை மீனைப் பற்றித்தான். நம் கடலில் கிடைக்கும் சூரை இல்லை, நீலத்துடுப்புச் சூரை, ஒன்று இருநூறு முந்நூறு கிலோ வரும். முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக்கடலுக்குள் வந்து கரையோரமாக ஓடும். ஓடுகிற வழியில் கரையிலிருந்து கடலுக்குள் ஒரு நீண்ட வலைச்சுவர் பாய்ச்சிவைப்பார்கள். மீன் சுவரைக் கண்டால் ஆழம் பார்த்துத் திரும்பும். திரும்பும் இடத்தில் வலையாலேயே கட்டிய வரிசையான அறைகள். ஒவ்வோர் அறையிலிருந்தும் அடுத்ததற்கு வாசல். கடைசி அறைக்கு மட்டும் அடியிலும் வலை. அதற்குப் பெயர் 'சாவின் அறை'. கரைவலையின் மடிபோல அதை நாலு பக்கமும் படகில் நின்று தூக்கினால், மீன்கள் மேலே வந்து நுரைக்கும். அந்தக் கொலைக்குப் பெயர் மத்தான்சா. எப்போது எந்த வாசலைத் திறப்பது, எப்போது தூக்குவது என்று முடிவுசெய்கிறவர் ரைஸ். அரபில் தலைவன் என்று பொருள். துனிஸ் இங்கேயும் வந்துவிட்டது.

நான் மத்தான்சாவைப் பார்க்கவில்லை, பார்க்க முயலவும் இல்லை. எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பன்னாட்டு ஒதுக்கீடு தீர்மானிக்கிறது. ஒருகாலத்தில் மத்தியதரைக்கடல் முழுக்க இருந்த இந்த நிலைவலைகளில் இன்று விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சம். சுற்றுலாவுக்காக நடக்கும் சூரைத் திருவிழாவில் சமையல் போட்டி, இசைக் கச்சேரி எல்லாம் உண்டு. அழகான மீன், அழகான வலை, ரத்தம் மட்டும் விளம்பரத் தாளில் இருக்காது.

மீன்கடைக்குத்தான் போனேன். பன்றியில் எதையும் வீசமாட்டார்கள், சூரையிலும் அப்படித்தான் என்று இங்கே சொல்வார்கள். வயிற்றுச்சதை தனி, முட்டைப்பை உப்பிட்டு அழுத்திக் காயவைத்தது தனி, இதயம் தனி, இரைப்பைகூடத் தனி. மேலே கொக்கியில் கருஞ்சிவப்பாக, மரக்கட்டைபோல, நீளநீளமாகத் தொங்கியது 'முஷாம்மே'. முதுகுச்சதையை உப்பில் ஊறவைத்துக் காற்றில் காயவைத்தது. கடைக்காரர் கத்தியைச் சாய்த்துக் காகிதக் கனத்துக்குச் சீவி, கத்திநுனியிலேயே நீட்டினார். வாயில் போட்டதும் முதலில் உப்பு, பிறகு ஒரு மெல்லிய கசப்பு, கடைசியில், சந்தேகமே இல்லை, மாசி. சம்பலுக்கு இடிக்கிற அதே மாசியின் பெரியப்பா. "எங்கள் ஊரிலும் இது உண்டு" என்றேன். அவர் நம்பவில்லை. இங்கே யாரும் தங்கள் மீன் இன்னோர் ஊரில் உண்டு என்பதை நம்புவதில்லை.

அந்தக் கடையில் நான் நின்ற இருபது நிமிடத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். உள்ளே வந்தவர்கள் தபர்க்கீனோவில் தொடங்கினார்கள். ஒரு பெண் மட்டும் இத்தாலியனில் கேட்டாள், கடைக்காரர் தபர்க்கீனோவில் பதில் சொன்னார், அவளும் சிரமமில்லாமல் புரிந்துகொண்டு இத்தாலியனிலேயே தொடர்ந்தாள். போன பிறகு கேட்டேன். சார்டினியாவின் உட்பகுதியிலிருந்து கல்யாணமாகி வந்தவளாம். "இரண்டு வருடம் பொறுங்கள், பேசுவாள்" என்றார்.

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ஜெனோவாவில் ஜெனோவாப் பேச்சு என்பது ஏழை, கிழவன், படிக்காதவன் என்ற அடையாளம். பிள்ளை முன்னேறவேண்டும் என்றால் இத்தாலியன் பேசு என்று வீடே சொல்லிக்கொடுத்தது. இங்கே அந்தப் பேச்சு 'நாங்கள் சார்டினியர்கள் இல்லை' என்ற அடையாளம். படகுக்காரனும் பேசினான், கப்பல் கேப்டனும் பேசினான், வலையில் ரைஸ் கட்டளையிட்டதும் அதில்தான். பணக்காரனும் ஏழையும் சேர்ந்து பேசுகிற பேச்சை யாரும் வெட்கப்பட்டு விடுவதில்லை. இதில் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைக்கவேண்டாம். எதிர்க்கரையைப் பற்றி வீட்டுக்காரம்மா பேசும்போது தொனி மாறும். ஐந்து மைல்கூட இல்லாத தூரத்தை ஐந்நூறு மைல்போலச் சொல்வார்.

சட்டம் இந்தப் பேச்சுக்கு ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டம் இத்தாலியில் 12 சிறுபான்மை மொழிகளைக் காக்கிறது. சார்டினியன் அதில் உண்டு. அல்கேரோ நகரத்தின் கத்தலான் உண்டு. தபர்க்கீனோ இல்லை. ஜெனோவாப் பேச்சு இத்தாலிய வட்டாரவழக்கு, அதன் கிளைக்கு மட்டும் எப்படித் தனிப் பாதுகாப்பு என்பது வாதம். அதாவது ஜெனோவாவில் பேசினால் வட்டாரவழக்கு, சார்டினியாவில் பேசினாலும் வட்டாரவழக்குதான், ஊரே மாறினாலும். சார்டினியா மாநிலம் மட்டும் 1997இலும் 2018இலும் தன் சட்டங்களில் இதைச் சேர்த்துக்கொண்டது. ஃபியோரென்சோ தோஸோ என்ற மொழியியலாளர் இதற்கு அகராதி செய்தார். 2004இல் ஜெனோவா மாவட்டம் கார்லோஃபோர்த்தேயைத் தன் கௌரவ நகராட்சியாக ஏற்றுக்கொண்டது. போன பிள்ளைக்கு 460 வருடம் கழித்து வந்த கடிதம்.

ஊரில் குறையே இல்லை என்றில்லை. படிக்கப் போகிற பிள்ளைகள் திரும்புவதில்லை. கோடையில் வீட்டு வாடகை எகிறுகிறது, குளிர்காலத்தில் பாதி ஜன்னல்கள் மூடிக்கிடக்கும். உப்பளங்கள் ஓய்ந்து இப்போது பூநாரைகள் நிற்கின்றன. மேற்குப் பாறைகளில் எலியோனோரா வல்லூறுகள் கூடுகட்டும், மடகாஸ்கரிலிருந்து அவை வந்துசேரும் காலம் அது. நான் அங்கே கலங்கரைவிளக்கம்வரை நடந்தும் ஒன்றைக்கூடக் காணவில்லை. வந்து இறங்கியிருக்கும், எனக்குத் தலைகாட்டவில்லை.

கிளம்புகிற காலை வீட்டுக்காரம்மா வாசல்வரை வந்தார். "மறுபடி எப்போது ஊருக்கு?" என்று கேட்டார். தூத்துக்குடிக்கு என்று நினைத்து, டிசம்பரில் என்றேன். "டிசம்பரில் காற்று அடிக்கும், கப்பல் நிற்கும், வசந்தத்தில் வா" என்றார். எந்த ஊரைக் கேட்டார் என்று கப்பல் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அரைக்கிலோ முஷாம்மேயை எண்ணெய்த்தாளில் சுற்றி வாங்கி வந்தேன். ஜெனோவா வந்ததும் எதிர்வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டு ஒரு துண்டு சீவிக் கொடுத்தேன். கப்பலில் கேட்ட பையன்களின் வாக்கியம் ஒன்றையும் மனப்பாடமாகச் சொல்லிக்காட்டினேன். உச்சரிப்பில் மூன்று இடத்தில் திருத்தினார். மென்றார். உப்பு அதிகம், அந்தக் காலத்தில் இப்படிப் போடமாட்டார்கள் என்றார். பிறகு கத்தியை என் கையிலிருந்து வாங்கி, இன்னும் தடிமனாக ஒரு துண்டு சீவிக்கொண்டார்.